அரை லட்ச ரூபாய் கியரும் பெரியப்பாவின் முட்டியும்

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது. பி.காம் மூன்றாம் வருஷம். பல்லை எண்ணத் தெரியும், ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுக்கத் தெரியும். இதை எழுத எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்காமல் படிக்கவும்.

எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது. பெரியப்பாவுடையது. இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், ராடு பிரேக், கேரியரில் இறுக்கிக் கட்டிய பெரிய தகர டின், ஹேண்டில்பாரில் ரெண்டு பக்கமும் பை. டின்னுக்குள் காரச்சேவு. பைகளில் கடலைமிட்டாயும் கருப்பட்டி மிட்டாயும். கோவில்பட்டியில் சரக்கு எடுத்து, கழுகுமலை ரோட்டுப் பக்கம் இருக்கிற கிராமங்களில் வீடு வீடாகவும் பெட்டிக்கடைகளுக்கும் போட்டுவிட்டு வருவார். போக வர முப்பது கிலோமீட்டர். புறப்படும்போது பாரம் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. (2020-ல் எங்கள் ஊர் கடலைமிட்டாய்க்கு புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே குதித்தது. பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதுக்காக கிலோவுக்கு ரூவா கூடப் போட்டுத் தருவானாய்யா?")

அவருக்கு வயசு அறுபத்தொன்று. அப்பா இல்லாத வீட்டில் என் காலேஜ் ஃபீஸ் அந்த டின்னிலிருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

போன வருஷம் ஆனி மாசம் அவருக்கு வலது முட்டி வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். "சைக்கிள் ஓட்டலாம், அது நல்லதுதான். ஆனா அழுத்தி மிதிக்கக் கூடாது" என்று ஒரு வரி சொன்னார். வெளியே வந்ததும் பெரியப்பா சொன்னது: "அழுத்தாம மிதிச்சா வண்டி எப்படிய்யா போகும்? நல்லா சொன்னாரு போ."

நியாயமான கேள்வி. அன்றைக்கு ராத்திரி அந்தக் கேள்வியோடுதான் நான் மொபைலை எடுத்து உட்கார்ந்தேன்.

எங்க ஊருக்கு கியர் எதுக்கு?

கோவில்பட்டியைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அங்கே மலையா இருக்கிறது, கொடைக்கானலா? கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. தட்டையான பூமி. இதில் கியர் எதற்கு?

எங்களுக்கு மலை இல்லை. ஆனால் காத்து இருக்கிறது. வைகாசி பிறந்துவிட்டால் மேகாத்து கிளம்பும். ஆனி, ஆடி முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். 1986-லேயே தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலைகளை நட்டுப் பார்த்தது, கயத்தாறில் அரசாங்கமே காற்றாலை சோதனை நிலையம் வைத்திருப்பது எல்லாம் இந்தக் காத்தை நம்பித்தான். ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும்போது பெரியப்பாவின் சேவு டின் எம்மாத்திரம்?

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 18 கிலோமீட்டர் வேகத்தில் காத்து வருகிறது. உங்கள் நெஞ்சுக்குத் தெரிவது 30. காத்தின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஆக காத்தில்லாத நாளை விட ஆறு மடங்குக்கும் மேல் காத்து உங்களைத் தள்ளுகிறது. மலை ஏறினால் மறுபக்கம் இறக்கமாவது வரும். எதிர்க்காத்து பதினஞ்சு கிலோமீட்டருக்கும் ஏத்தம்தான்.

இதில் பெரியப்பாவின் விதி என்னவென்றால், காலையில் மேற்கே போகும்போது முழு பாரம், எதிர்க்காத்து. சாயங்காலம் கிழக்கே திரும்பும்போது காலி டின், பின்காத்து. வியாபாரம் செய்கிறவனுக்கு இயற்கை வைத்த ஆப்பு இது. :-)

பெடலுக்குள்ளே ஒரு கியர்

கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சாதாரண கியர், அதாவது பின்சக்கரத்தில் அடுக்காகப் பல்சக்கரமும் அதற்குக் கீழே தொங்குகிற டிரெய்லரும், எங்கள் மண்ணுக்கு ஆகாது. காரணம் கரிசல். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் களி. ஐப்பசி மழையில் வண்டிப்பாதையில் இறங்கினால் மண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரமே சுத்தாது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு பத்தடி போனால் மறுபடி அடைக்கும். என் கூட்டாளி ஒருத்தன் பளபளவென்று ஒரு கியர் சைக்கிள் வைத்திருந்தான். முதல் மழைக்கு அந்தத் தொங்கட்டான் களிமண் உருண்டையாகி, வளைந்து, போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்த காட்சியை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

அப்படித் தேடும்போதுதான் இந்த அதிசயம் கண்ணில் பட்டது. பெடல் இருக்கிற கிராங்குக்குள்ளேயே ஒளித்து வைத்த கியர்! வெளியே பார்த்தால் ஒரே செயின், முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம். நம்ம சைக்கிள் மாதிரியே இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதைச் சூரியன் என்கிறார்கள். அதைச் சுத்தி மூன்று நாலு குட்டிப் பல்சக்கரங்கள், அதெல்லாம் கிரகங்கள். எல்லாத்துக்கும் வெளியே உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். செயின் ஓடுகிற பெரிய சக்கரம் அந்த வளையத்தோடு சேர்ந்தது. நாம் மிதிக்கும்போது கிரகங்களைத் தாங்குகிற தட்டு சுத்துகிறது. சூரியனைச் சுத்தவிடாமல் பிடித்துக்கொண்டால், கிரகங்கள் அதன் மேல் உருண்டு வெளி வளையத்தை நம் காலை விட வேகமாகத் தள்ளும். சூரியனை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், சாதாரண சைக்கிள். இவ்வளவுதான் சூட்சுமம். இதையே வேறு மாதிரி கோர்த்தால் வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டலாம்.

சூரியனை யார் பிடித்துக்கொள்வது? அங்கேதான் சிக்கல். சைக்கிள் பிரேம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் இதை மாட்ட பிரேமிலும் கொஞ்சம் வேலை இருக்கும்.

யார் யார் செய்திருக்கிறார்கள்?

1. சுவிட்சர்லாந்தின் ஷ்லும்ப்ஃப். இதில் 'ஸ்பீட் டிரைவ்' வேகத்தை 1.65 மடங்கு கூட்டும். 'மவுண்டன் டிரைவ்' இரண்டரை மடங்கு குறைக்கும். கையில் லீவர் கிடையாது, கேபிள் கிடையாது. கிராங்க் அச்சின் நடுவில் ஒரு பொத்தான். குதிகாலால் இந்தப் பக்கம் தட்டினால் ஒரு கியர், அந்தப் பக்கம் தட்டினால் இன்னொன்று.

2. அமெரிக்க ஸ்ராம் கம்பெனி தன் ட்ருவாட்டிவ் பெயரில் 2008-ல் கொண்டுவந்த ஹேமர்ஷ்மிட். மலையிலிருந்து குதித்து இறங்குகிற பையன்களுக்காகச் செய்தது. ரெண்டு கியர், 1 மற்றும் 1.6. இப்போது அதன் தயாரிப்பு நின்றுவிட்டது.

3. போலந்தின் எஃப்னியோ. மூன்று கியர். முன்னே இருப்பது 28 பல் சக்கரம். கியர் மாற்றினால் அதுவே 40 பல், 50 பல் மாதிரி வேலை செய்யும்.

4. ஜெர்மனியின் பினியன். பதினெட்டு கியர் வரை உள்ள பெட்டி. ஆனால் இதற்கென்றே பிரேம் செய்யவேண்டும். கிட்டத்தட்ட இது கார் கியர்பாக்ஸின் தம்பி.

புதுசு என்றும் நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்தின் சன்பீம் சைக்கிளில் பெடல் பக்கம் ரெண்டு கியர் வந்துவிட்டது. 1930-களில் ஜெர்மனியின் ஆட்லர் மூன்று கியர் வைத்தது.

யாருக்கு இது சரி?

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படித்து, நானாகத் தேற்றியது இது.

மடிக்கிற சைக்கிள்காரர்களுக்குச் சரி. செயின் மெலிந்து, நேராக, தொங்கட்டான் இல்லாமல் இருக்கும். படுத்துக்கொண்டு ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிக்காரர்களுக்குச் சரி. அவர்களால் எழுந்து நின்று மிதிக்க முடியாது, ஏத்தத்தில் நல்ல கீழ் கியர் இருந்தே ஆகவேண்டும். கை விரல் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ஷ்லும்ப்ஃப் மாதிரி குதிகால் கியர் ஒரு வரம். பாரத்தோடு நின்று நின்று போகிறவர்களுக்கும் சரி. ஏனென்றால் டிரெய்லர் கியரை மிதித்துக்கொண்டேதான் மாற்ற முடியும். இதை நின்ற இடத்திலேயே மாற்றலாம். மழை, சேறு, தூசி ஊர்க்காரர்களுக்கும் சரி. எல்லாம் மூடிக்கிடக்கிறது, முழு செயின் கவரும் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்குச் சரியில்லை? எடை குறையவேண்டும் என்கிற ரேஸ்காரர்களுக்கு. பல்லோடு பல் உரசுவதில் கொஞ்சம் உழைப்பு வீணாவதைப் பொறுக்காதவர்களுக்கு. பக்கத்தில் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாதவர்களுக்கு. காசு இல்லாதவர்களுக்கு.

முதல் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாரம், நின்று நின்று போவது, சேறு, முட்டி. மவுண்டன் டிரைவைச் செய்தவருக்கு எங்கள் பெரியப்பாவைத் தெரிந்திருக்குமோ என்றே நினைத்தேன். ரெண்டாவது பட்டியலில் கடைசி ரெண்டு வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

மூன்றாம் வருஷ காஸ்டிங்

விலை, வரி இல்லாமலே ஐம்பதாயிரத்துக்கு மேல். அதாவது பெரியப்பா சைக்கிளை மாதிரி ஆறேழு சைக்கிள் வாங்கலாம். என்னிடம் பதினோராயிரம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் ஒரு ஏஜென்சி ஆபீசில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்தது. மீதிக்குக் கடன் வாங்கலாமா என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். காலேஜில் படிப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுத்தினேன் என்று சொல்லலாம்.

பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்குக் கையில் நிற்பது சுமார் 350 ரூபாய். காத்து மாசங்களில் முட்டி வலியால் வாரத்துக்கு ரெண்டு நாள் படுத்துவிடுகிறார். மூன்று மாசத்தில் 26 நாள். கியர் வந்து அந்த 26 நாளும் போனார் என்றால் வருஷத்துக்கு 9,100 ரூபாய் கூடுதல். ஐம்பதாயிரத்தை 9,100-ஆல் வகுத்தால் ஐந்தரை வருஷம். அதுதான் பிரேக் ஈவன்.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. ஐந்தரை வருஷம் கழித்து அவருக்கு அறுபத்தாறு தாண்டியிருக்கும். என் கணக்கு சரியாக வரவேண்டும் என்றால், அந்த வயசிலும் அவர் நாற்பத்தைந்து கிலோவைக் கட்டிக்கொண்டு மேகாத்தில் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் போட்டது அவர் முட்டிக்கான கணக்கு இல்லை. இன்னும் ஆறு வருஷம் அவரை ஓட வைப்பதற்கான கணக்கு.

நோட்டை மூடிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

அண்ணாச்சி சொன்ன பதில்

மறுநாள் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போனேன். மொபைலில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சோக்கா செஞ்சிருக்கான் தம்பி" என்றார். அப்புறம் பெரியப்பா சைக்கிளின் பின்பக்கம் குனிந்தார்.

"இதுல எத்தனை பல்லு இருக்குன்னு தெரியுமா?"

எண்ணினேன். முன்னே 44. பின்னே 18. நம்ம ஊர் கட்டை சைக்கிள்களில் பரவலாக இருப்பது இதுதான். எல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ் ரோட்ஸ்டரின் வாரிசுகள். 1949-ல் ஆரம்பித்த அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ், 1956-ல் வந்த லூதியானா ஹீரோ எல்லாம் லட்சம் லட்சமாக விற்றது இந்த ஒரே கியர் ஜாதியைத்தான். ஓட்டுகிறவன் ஸ்கூல் பையனா, அறுபது வயசுக்காரரா, பின்னால் இருப்பது புத்தகப்பையா, அரிசி மூட்டையா என்று சைக்கிளுக்குத் தெரியாது.

"இருபத்திரண்டு பல்லு ஃப்ரீவீல் வரும். போட்டுப் பாக்கலாமா?" என்றார் அண்ணாச்சி.

நான் உடனே வகுத்தேன். 44/18 என்றால் பெடல் ஒரு சுத்துக்கு சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் போகும். 44/22 என்றால் சுமார் 4.5 மீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் பதினெட்டு சதவீதம் குறையும். அந்தக் காலத்து ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் கீழ் கியரைப் போட்டாலே 4.1 மீட்டர்தான். கிட்டத்தட்ட அதையே தொட்டுவிடுகிறோம்! மவுண்டன் டிரைவ் போட்டால் 2.2 மீட்டர் வரும். உண்மைதான், ஆனால் அது சுவர் ஏறுவதற்கு. அந்த கியரில் நிமிஷத்துக்கு அறுபது சுத்து மிதித்தாலும் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான். அதோடு கிராங்கில் இரண்டரை மடங்கு பலத்தைக் கூட்டினால் செயினும் பின்சக்கரமும் இரண்டரை மடங்கு இழுவையைத் தாங்கவேண்டும். நம்ம கோட்டர் பின் சைக்கிளிடம் அதைக் கேட்பது பாவம்.

"வேகம் குறையுமே அண்ணாச்சி, திரும்பி வரும்போது?"

"திரும்பி வரும்போது ஒங்க பெரியப்பா எங்க மிதிக்காரு? காத்துல்லா தள்ளிட்டு வருது!"

இதுதான் நான் ராத்திரி ரெண்டு மணி வரை விழித்தும் யோசிக்காத விஷயம். கிராங்க் கியர் யாருக்குத் தேவை? ஒரே பயணத்தில் கீழ் கியரும் மேல் கியரும் மாறி மாறி வேண்டும் என்கிறவருக்கு. பெரியப்பாவுக்குப் போகும்போது கீழ் கியர் வேண்டும். வரும்போது மேல் கியர் வேண்டும்தான், ஆனால் அதை மேகாத்து சும்மா கொடுக்கிறது. சும்மா கிடைப்பதற்கு நான் ஐம்பதாயிரம் கொடுக்கப் பார்த்தேன்.

ஃப்ரீவீல், செயினுக்கு ரெண்டு கண்ணி, கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 480 ரூபாய். செயின் கவர் பின்னால் லேசாக உரசியது, அண்ணாச்சி சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டி நெளித்துவிட்டார். சீட்டையும் ஒரு விரக்கடை ஏத்திவிட்டார். பெரியப்பா இத்தனை வருஷம் முட்டியை மடக்கியே மிதித்திருக்கிறார்.

பிறகு

முதல் நாள் சாயங்காலம் ஒரே திட்டு. "என்னய்யா, காலு சும்மா சுத்துது. கூழு கிண்டுற மாதிரி இருக்கு. பழசையே மாட்டச் சொல்லு." நான் அசையவில்லை. ரெண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கண்மாய்க்கரை ஏத்தத்துல இன்னைக்கு எறங்கல." அவ்வளவுதான். தலையைத் தூக்காமலே சொன்னார்.

பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேருகிறாராம். வீக்கம் அந்த ஆடியில் வரவில்லை. வலி இருக்கிறது. தேய்ந்த மூட்டு பல்சக்கரத்தால் வளராது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. சுவிட்சர்லாந்து கியரை நான் அவ்வளவு ஆசையாகத் தேடியதற்குக் காரணம் சைக்கிள் மோகம் மட்டும் இல்லை. "பெரியப்பா, நீங்க போதும், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லவேண்டிய நேரத்தில், சொல்ல வழியில்லாதவன் ஒரு மிஷினைத் தேடினான். அது ரொம்ப விலையாக இருந்தது எனக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கிடைத்திருந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்திருப்பேன்.

ஒரு நாள் அவரே கேட்டார். "அந்த வெளிநாட்டு கியருக்குன்னு எம்புட்டு வச்சிருந்த?"

"பதினோராயிரம். ஐந்நூறு செலவாயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மிச்சத்தை அடுத்த ஃபீசுக்கு வையி. அந்த ஒரு மாசம் நான் வாரத்துக்கு நாலு நாளு போறேன்" என்றார்.

வருஷக்கணக்கில் பிரேக் ஈவன் போட்ட எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் தோன்றவே இல்லை.

கிராங்குக்குள் கியர் வைக்கிற ஆட்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. என்றைக்காவது ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், குதிகாலால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் வீட்டிலும் சைக்கிள் மிதிக்கிற பெரியவர் யாராவது இருந்தால், நாளைக்குக் காலையில் பின்சக்கரத்துப் பல்லை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பதினெட்டு என்று வந்தால், பக்கத்து சைக்கிள் கடை அண்ணாச்சியைப் போய்ப் பாருங்கள். அப்படியே சீட் உயரத்தையும்.